அந்த மவுண்ட் ரோட்டுப் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது?

உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்த சதுர வடிவக் கறுப்பு வெள்ளைப் படத்தை இரு பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்பி, அது எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்புறத்தில் பென்சிலால் 'அண்ணா சாலை, 1957' என்று எழுதியிருக்கிறது. தமக்கு ஏழு வயதாக இருந்தபோது தாத்தா தம்மை டிராமில் அழைத்துப்போன நாளில் எடுத்த படம் அது என்று உங்கள் அத்தை உறுதியாகச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்பதே உங்கள் கேள்வி. என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படம் பெரும்பாலும் 1961-ஆம் ஆண்டு, ஏப்ரல் கடைசி வாரத்துக்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் எடுக்கப்பட்டது. பின்புறக் குறிப்பும் அத்தையின் நினைவும் இந்தப் படத்தின் தேதியைப் பொறுத்தவரை பிழையானவை. ஆனாலும் இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அவை வேறு உண்மைகளை வைத்திருக்கின்றன. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இதே போன்ற வேறு படங்களும் அந்தப் பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய தெருப் படத்தைக் கையில் எடுத்ததும் பலரும் அதில் உள்ள மிகப் பழைய பொருளைத்தான் முதலில் தேடுவார்கள். மாட்டு வண்டியைக் கண்டால் ஐம்பதுகள் என்பார்கள், கைரிக்‌ஷாவைக் கண்டால் அதற்கும் முன்னால் என்பார்கள். தேட வேண்டியதோ படத்தில் உள்ளவற்றில் கடைசியாக வந்து சேர்ந்த பொருளை. பழைய பொருள் பல ஆண்டுகள் தெருவிலேயே இருந்துவிடும், புதிய பொருள் தான் பிறப்பதற்கு முன்பு எந்தப் படத்திலும் விழ முடியாது. உங்கள் படத்தில் அப்படிக் கண்ணில் படும் முதல் பொருள் எல்.ஐ.சி. கட்டடம். சாலையின் கோடியில் அது முழுதாக எழுந்து நிற்கிறது. சாரமோ பாதி எழும்பிய தளமோ தெரியவில்லை, சன்னல் வரிசைகள் மேல்தளம் வரை முடிந்திருக்கின்றன.

அந்தக் கட்டடத்தின் வரலாறு நமக்கு நன்றாகவே உதவுகிறது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வேலை அது. தொடங்கிய ஆண்டு 1953. அடுத்த ஆண்டே அவர் விமான விபத்தில் காலமானார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது, கட்டி முடியாத கட்டடம் புதிதாகப் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தது. 1959 ஆகஸ்ட் 23 அன்று திறந்துவைக்கப்பட்டபோது நாட்டிலேயே மிக உயரமான கட்டடமாக அது இருந்தது. உயரம் 177 அடி. எனவே 1953-க்கும் 1959-க்கும் இடையில் எடுத்த மவுண்ட் ரோட்டுப் படங்களில் அந்த இடம் வெறுமையாகவோ பாதிக் கட்டடமாகவோதான் இருக்கும். முழுக் கட்டடம் தெரியும் உங்கள் படம் 1957-இல் எடுத்ததாக இருக்க வழியில்லை.

இங்கே சற்று நின்று என் நினைவு ஒன்றைச் சொல்கிறேன். வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து அப்பா என்னை முதல் முறை சென்னைக்கு அழைத்து வந்தபோது, ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பிய காரியம் ஒன்றுதான்: பதினாலு மாடியை எண்ணிப் பார்த்து வா. சாலையின் எதிர்ப்புறம் நின்று விரலை நீட்டி எண்ணினேன். ஒவ்வொரு முறையும் எட்டாவது ஒன்பதாவது மாடியில் கணக்குத் தவறியது, மறுபடி கீழிருந்து தொடங்கினேன். அப்பா அவசரப்படுத்தாமல் குடையைப் பிடித்தபடி நின்றார். உங்கள் படத்தின் இடது ஓரத்தில் ஒரு சிறுவன் கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவன் பார்வை போகும் திசையில் அந்தக் கட்டடம் இருக்கிறது. அவனைப் பார்த்த பிறகுதான் உங்கள் கேள்விக்கு இத்தனை நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அடுத்து டிராம். சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953 ஏப்ரல் 12-உடன் நின்றுபோனது. அத்தை ஏழு வயதில் டிராமில் போனார் என்றால் அது அந்தத் தேதிக்கு முன்பு நடந்த பயணம். எல்.ஐ.சி. கட்டடம் முடிந்தது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. அதாவது ஓடும் டிராமையும் முழு எல்.ஐ.சி. கட்டடத்தையும் ஒரே நாளில் பார்த்த கண்கள் இருக்க முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் சாலையில் தண்டவாளமும் இல்லை, மேலே டிராமுக்கான கம்பியும் இல்லை.

இதை அத்தையிடம் சொல்லும்போது அவர் பொய் சொல்கிறார் என்றோ மறதி வந்துவிட்டது என்றோ யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்பாவின் மடியில் உட்கார்ந்து டிராமில் மவுண்ட் ரோட்டைக் கடந்த நாள் அவருக்கு உண்மையிலேயே நடந்த நாள். அந்த நாளுக்குப் படம் இல்லை. பெட்டியில் இருந்ததோ இந்த ஒரு மவுண்ட் ரோட்டுப் படம். ஆண்டுக் கணக்கில் அதை எடுத்துப் பார்த்து வந்ததில், படமில்லாத நினைவு நினைவில்லாத படத்துக்குள் வந்து குடியேறிவிட்டது. பல குடும்பங்களின் படங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், இது மிகச் சாதாரணமாக நடப்பது. அதிலும் மிகவும் நேசித்தவரைப் பற்றிய நினைவில்தான் அதிகமாக நடக்கிறது.

பின்புறக் குறிப்புக்கு வருகிறேன். 'அண்ணா சாலை' என்ற இரண்டு சொற்களே அந்தக் குறிப்பு படம் எடுத்த காலத்தில் எழுதப்பட்டதன்று என்பதைக் காட்டிவிடுகின்றன. மவுண்ட் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அண்ணா மறைந்த 1969-க்குப் பிறகு. 1957-இல் ஒருவர் அந்தச் சாலைப் படத்தின் பின்னால் எழுதியிருந்தால் மவுண்ட் ரோடு என்றோ மவுண்டு ரோடு என்றோதான் எழுதியிருப்பார். இன்னும் கூர்ந்து பார்த்தால் எழுத்தின் வடிவமும் பேசுகிறது. அந்தப் பெயரில் உள்ள 'ணா', 'லை' ஆகிய இரண்டுமே 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை. முன்பு 'ணா' கீழே வளைந்த ஒரே எழுத்தாகவும், 'லை' மேலே துதிக்கை போன்ற கொம்புடனும் எழுதப்பட்டன. பென்சில் குறிப்பில் இரண்டும் இன்றைய வடிவில் இருக்கின்றன. தாத்தாவின் கடிதம் ஒன்றையும் நீங்கள் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அதில் அவர் 'வேலை', 'நாளை', 'அண்ணா' எல்லாவற்றையும் பழைய வடிவிலேயே எழுதியிருக்கிறார். பழைய எழுத்தில் கை பழகியவர்கள் பெரும்பாலும் கடைசி வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. பெரியார் 1935-லேயே தம் இதழில் இந்த வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டார் என்பதால், அவர் வழியில் நின்றவர்கள் மட்டும் 1978-க்கு முன்பே இப்படி எழுதியிருக்கலாம். உங்கள் தாத்தாவின் கடிதம் அந்த வாய்ப்பை நீக்கிவிடுகிறது. ஆகவே, குறிப்பை எழுதியவர் தாத்தா அல்லர். சீர்திருத்த எழுத்தைப் பள்ளியில் கற்ற, அல்லது அதற்குப் பழகிக்கொண்ட இளைய கை ஒன்று, எண்பதுகளிலோ அதற்குப் பிறகோ, யாரோ சொல்லக் கேட்டு எழுதியது அது. 1957 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை வீட்டில் விசாரியுங்கள். தாத்தாவுக்கு வேலை கிடைத்த ஆண்டாகவோ சென்னைக்குக் குடிவந்த ஆண்டாகவோ இருக்கக்கூடும். அந்த எண்ணைக் குடும்பம் ஏதோ காரணத்துக்காக நினைவில் வைத்திருந்திருக்கிறது.

ஆக, படம் 1959 ஆகஸ்டுக்குப் பிந்தையது என்பது உறுதி. இனி, எந்த ஆண்டுக்கு முந்தையது என்று பார்க்க வேண்டும். ரவுண்டானாவுக்கு வடக்கே நின்று, வாலாஜா சாலை வந்து சேரும் சந்திப்பு தெரியும்படி, தென்மேற்கு நோக்கி எடுத்த படம் இது. விரல் நீட்டி நிற்கும் அண்ணா சிலை இன்று அந்தச் சந்திப்பில் இருக்கிறது. 1968 தொடக்கத்தில், இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, அண்ணா உயிரோடு இருக்கும்போதே அது திறக்கப்பட்டது. உங்கள் படத்தில் சிலை இல்லை, பீடமும் இல்லை. படத்தில் ஒன்று இல்லாததைச் சான்றாகக் கொள்ள நான் பொதுவாகத் தயங்குவேன். பேருந்தோ மரமோ மறைத்திருக்கலாம், கோணம் தப்பியிருக்கலாம். இங்கே சந்திப்பு முழுவதும் திறந்து கிடப்பதால் இதை ஏற்கலாம்.

அதைவிட நெருக்கமான சான்று இடது கீழ் மூலையில் இருக்கிறது. காபிக் கடையின் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிய விலைகளில் ஒன்று '15 ந.பை.' என்று தெளிவாகத் தெரிகிறது. நயா பைசா என்பதன் சுருக்கம் அது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணய முறை வந்தபோது பழைய பைசாவிலிருந்து வேறுபடுத்த 'நயா' என்ற அடைமொழி சேர்க்கப்பட்டது. 1964 ஜூனில் அது எடுக்கப்பட்டது. பெயின்டால் எழுதிய பெயர்ப்பலகையாக இருந்தால் இன்னும் பத்து ஆண்டுகள் மாறாமல் தொங்கியிருக்கலாம். சாக்கட்டி எழுத்து அப்படியன்று, தினமும் அழித்து எழுதுவது. கைப்பழக்கத்துக்கு ஓரிரு ஆண்டு கூடுதலாகவே விட்டாலும் அறுபதுகளின் நடுவைத் தாண்டிப் போக முடியாது.

எதிர்ப்புறக் கடைப் பலகையில் 'சென்னை-2' என்றிருப்பதை நீங்களே வட்டமிட்டு, ஊருக்கு 1996-இல்தானே சென்னை என்று பெயர் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. 1996-இல் மாறியது ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் வழங்கிய அலுவல் பெயர். தமிழில் பலகைகளும் புத்தகங்களும் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே சென்னை என்றுதான் எழுதிவந்தன. அந்தப் பலகையில் கவனிக்க வேண்டியது ஊர்ப் பெயரை அடுத்து வரும் எண். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய பலகை 'சென்னை-600 002' என்று சொல்லும். வெறும் '2' என்பது பழைய வழக்கம்.

வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை பலரும் நம்புவது போலப் பெரிய சாட்சிகள் அல்ல. முகம் தெரியும் அம்பாசடர் முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகை 1962-ஐ ஒட்டி வந்தது. ஆனால் நம்மூரில் ஒரு காரை இருபது ஆண்டு ஓட்டுவது புதிதன்று. கைரிக்‌ஷா 1973-இல் ஒழிக்கப்படும் வரை இருந்தது. இவை நம் கணக்கோடு முரண்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, இந்தப் படத்தில் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்த பகுதி. மேல் விளிம்பை ஒட்டி, வானத்தில், பட்டாணி அளவில் ஒரு வட்டம் இருக்கிறது. 'மேலே கறை இருக்கிறது, கம்ப்யூட்டரில் நீக்கிவிடலாமா?' என்று நீங்கள் கேட்டிருந்தது அதைப் பற்றித்தான். தயவுசெய்து நீக்க வேண்டாம். பிரின்ட் போடும்போது நெகட்டிவின் மேல் தூசி இருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். நெகட்டிவில் ஊசித் துளை இருந்தால் கறுப்புப் புள்ளி விழும். ஈரமும் பூஞ்சையும் ஒழுங்கற்ற ஓரத்தோடு படரும். உங்கள் படத்தில் உள்ள வட்டமோ ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் படிப்படியாக இருண்டும் இருக்கிறது. வெளுத்த பக்கமும் கட்டடங்களில் வெயில் விழும் பக்கமும் ஒன்றே. அதாவது அது வெயிலில் தொங்கிய உருண்டையான ஒரு பொருள். அதிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கீழே கட்டடங்களுக்குப் பின்னால் இறங்குவதும் உங்கள் ஸ்கேனில் மங்கலாகத் தெரிகிறது.

1961-இன் தொடக்கத்தில் அந்தச் சந்திப்புக்கு அருகே சாந்தி தியேட்டர் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 16-இல் ஏவி.எம். தொடர்புடைய 'பாவ மன்னிப்பு' திரைப்படம் அங்கே வெளியானது. விளம்பரத்துக்காக, படத்தின் பெயர் தாங்கிய பெரிய ஹைட்ரஜன் பலூன் ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைத்துத் தியேட்டருக்கு மேலே பறக்கவிட்டார்கள். தமிழ்த் திரையுலகில் அதற்கு முன் யாரும் செய்திராத விளம்பரம் என்பதால் ஊரே அண்ணாந்து பார்த்தது. படம் அங்கே வெள்ளி விழாக் கண்டு செப்டம்பர் வரை ஓடியது. மவுண்ட் ரோட்டில், எல்.ஐ.சி. கட்டடம் எழுந்த பிறகு, நயா பைசா வழங்கிய காலத்தில், கயிற்றில் கட்டிய உருண்டை ஒன்று சாந்தி தியேட்டர் இருக்கும் பக்கத்து வானத்தில் தொங்குகிறது என்றால் இதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிறுவனைப் பற்றி முன்பு எழுதியதைக்கூடத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கலாம். அவன் மாடிகளை எண்ணாமல் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

கடைசியாக நிழல். காலடி நிழல்கள் மிகக் குட்டையாக, தெற்குப் பக்கம் சாய்ந்து விழுகின்றன. சென்னை இருக்கும் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை வடக்கு. சூரியன் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை நம் தலைக்கு நேர் மேலாகக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி கடந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நாள்களில், தமிழ் மாதக் கணக்கில் சித்திரை நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை, உச்சி வேளை நிழல் தெற்கே விழும். ஆண்டின் மற்ற நாள்களில் அது வடக்கே விழும். தெருப் படங்களில் திசை நிச்சயமாகத் தெரிந்தால் மாதத்தைக் குறுக்க இதைவிட எளிய வழி இல்லை. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் நமக்குத் திசைகாட்டியாக நிற்பதால் இங்கே அது கைகூடுகிறது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லோரும் குடை பிடித்திருப்பதும் அந்த வெயில் காலத்துக்குப் பொருந்துகிறது.

என் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1959 ஆகஸ்டுக்குப் பின், அறுபதுகளின் நடுவுக்கு முன் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. வெயில் காலம் என்பதிலும் ஐயமில்லை. 1961 என்பது அந்த வட்டத்தை நான் சரியாகப் படித்திருக்கிறேனா என்பதைப் பொறுத்தது. இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. இரண்டேகால் அங்குலச் சதுரத்தில் இருக்கும் உங்கள் பிரின்ட், நெகட்டிவைக் காகிதத்தின் மேல் வைத்து அதே அளவில் எடுத்த கான்டாக்ட் பிரின்ட். எனவே நெகட்டிவ் அதே பெட்டியில், ஸ்டூடியோ உறையிலோ பழைய டயரிக்குள்ளோ, இன்னும் இருக்கக்கூடும். கிடைத்தால் ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்து, நெகட்டிவுக்கான வசதியுள்ள ஸ்கேனரில் மேல் மூலையைத் தனியாகப் பெரிதாக்கி எடுத்து அனுப்புங்கள். உருண்டையின் மேல் எழுத்தின் ஒரு வளைவு தெரிந்தாலும் போதும்.

அத்தையிடம் பேசும்போது முதலில் ஆண்டைக் கேட்காதீர்கள். ஆண்டைக் கேட்டால் யாருமே மனத்துக்குள் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வார்கள், அந்தக் கணக்கில்தான் பிழை நுழைகிறது. வானத்தில் பலூன் பார்த்த ஞாபகம் உண்டா, யாரோடு பார்த்தார், அப்போது எந்த வகுப்பில் படித்தார், தம்பி பிறந்துவிட்டானா என்று கேளுங்கள். 1961-இல் அவருக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும், நிச்சயம் 'பாவ மன்னிப்பு' பலூனைப் பற்றிப் பேச்சாவது கேட்டிருப்பார். டிராமில் போன நாளையும் தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கே ஏறினார்கள், டிக்கெட் யார் வைத்திருந்தார், டிராமின் மணி எப்படி ஒலித்தது என்பதெல்லாம் அவரோடு இருக்கும் செய்திகள். 1953-க்கு முன் அந்த டிராமில் ஏறியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பின்புறத்தில் உள்ள பழைய குறிப்பை அழிக்காதீர்கள். அதற்குக் கீழே, மென்மையான பென்சிலால், காகிதத்தில் பள்ளம் விழாதபடி இப்படி எழுதலாம்: 'மவுண்ட் ரோடு, ரவுண்டானா. 1961 கோடையாக இருக்கலாம். வானத்தில் தெரிவது சாந்தி தியேட்டர் பலூன் என்று கருதுகிறோம். மேலே உள்ள குறிப்பு 1978-க்குப் பிறகு எழுதியது. அத்தையின் டிராம் பயணம் வேறு நாள், 1953-க்கு முன்.' அடியில் இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் போட்டுவிடுங்கள்.